இருபதுக்கு எத்தனை

தலைப்பு ஒன்றுதான்:
'மறக்க முடியாத விடுமுறை'.

செவ்வாய் மாலை, புக்கிட் தீமா.
கூட்டுரிமை வீட்டின் காவலர்
வாராவாரம் என் பெயரை எழுதிக்கொள்கிறார்,
வாராவாரம் முதல்முறை பார்ப்பவர்போல.
லித்திகா, தொடக்கநிலை ஐந்து.
விதை நீக்கிய கொய்யாவை
பிளம் பொடி தூவிக் கொண்டுவந்து வைக்கிறாள்
பெயர் கேட்க நான் இன்னும் கூச்சப்படும் ஒரு பணிப்பெண்.
ஹொக்கைடோவில் பனி பெய்ததாம்.
உவமை வேண்டுமாம்.
'பஞ்சுபோல' என்றேன். நான் பனியைப் பார்த்ததில்லை.
"இல்ல டீச்சர், பஞ்சு இல்ல.
ஊரே காதைப் பொத்திக்கிட்ட மாதிரி இருக்கும்."
அதையே எழுது என்றேன்.
ஒரு மணி நேரம். எண்பது வெள்ளி.

சனிக்கிழமை, ஜாலான் குக்கோ.
வாடகை புளோக்கின் கீழ்த்தளம்,
மடக்கு மேசை, தொண்டூழியர் வகுப்பு, பிஸ்கட் உண்டு.
துர்க்கேஷ். அவனும் தொடக்கநிலை ஐந்துதான்.
ஆஸ்திரேலியா போயிருக்கிறான் கட்டுரையில்.
கங்காரு வருகிறது.
மனம் மகிழ்ச்சிக் கடலில் நீந்துகிறது.
மாதிரிக் கட்டுரைப் புத்தகம், பக்கம் முப்பத்தாறு;
நானே ஒளிநகல் எடுத்துக் கொடுத்தது.

"ஜூன் மாசம் நெசமாவே என்ன செஞ்சே?"

"அம்மாகூட வேலைக்குப் போனேன் டீச்சர்.
ராத்திரி. ராஃபிள்ஸ் பிளேஸ்ல, முப்பத்தெட்டாவது மாடி.
ஆளே இல்ல. நாற்காலி எல்லாம் சுத்தும்.
ஒண்ணு விடாம உக்காந்து பாத்தேன்.
சன்னல் ஓரத்து நாற்காலிதான் நல்லா இருந்துச்சு,
கப்பல்லாம் விளக்குப் போட்டுட்டு நிக்கும்.
அம்மா எந்திரிக்கச் சொல்லி
அதையும் தொடச்சாங்க."

"அத ஏன் எழுதல?"

"அது விடுமுறை இல்லையே டீச்சர்."

எழுது என்று சொல்ல வாய்வரை வந்தது.
ஒன்பது எழுத்துப்பிழை இருந்தது தாளில்.
தேர்வுக்குப் பதினோரு நாள்.
கடன்வாங்கிய வரிகளில் பிழை குறைவு;
சொந்த வாழ்க்கையை எழுதினால்
ஒவ்வொரு றகரமும் அவனைக் காட்டிக்கொடுக்கும்.
"கங்காருவே இருக்கட்டும்" என்றேன்,
"இந்தச் சொல்லை மட்டும் பத்து முறை எழுதிப் பார்."

ஒரே கேள்வித்தாள், ஒரே கடிகாரம்,
திரைபோட்டு மறைத்த பெயர்கள்.
நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?
அவளுக்குப் பதினேழு போடுவார்கள்.
இவனுக்குப் பதினொன்று. நானும் அதையேதான் போட்டேன்,
சிவப்பு மையில், நல்ல கையெழுத்தில்.

செவ்வாய்க்கிழமை எண்பது வெள்ளி
புதன்கிழமை என் மகனின் கணக்கு ஆசிரியருக்குப் போகிறது,
மேலே நாற்பது சேர்த்து.

நேற்றிரவு பேருந்து நகர நடுவே சிவப்பு விளக்கில் நின்றது.
எதிரே ஒரு கட்டடம், ஏதோ ஒரு மாடியில் மட்டும் வெளிச்சம்.
கீழிருந்து எண்ணத் தொடங்கினேன்.
இருபத்தொன்பதில்
பச்சை விழுந்தது.