ஒன்பது கிளை

வலங்கைமான் செண்பகவல்லிக்கு
வாணலி முன்னே வலிப்பு.
தஞ்சாவூர் ஸ்கேனில் மூளைக்குள்
நீர்க்குமிழி ஒன்று, குமிழிக்குள் ஒரு புள்ளி.
"எங்காத்துல வெங்காயமே உள்ள வராது"
என்றார் கணவர் சௌரிராஜன்,
டாக்டரிடம் அல்ல, விளக்குப் பலகையில் மாட்டிய படத்திடம்.

வேகாத பன்றிக்கறி தின்றவர் குடலில் புழு.
அவர் கழுவாத விரலில் முட்டை.
அது சோற்றோடு போவது இன்னொருவர் தலைக்கு.
இவ்வளவையும் சொல்ல டாக்டருக்கு அரைமணி.
பிறகு அந்த வீட்டின் மலமெல்லாம்
பெயர் ஒட்டிய டப்பாக்களில் என்னிடம் வந்தது.

மாமியார், இல்லை. கொழுந்தன், இல்லை.
சௌரிராஜன், முதல் நாள் இல்லை, மறுநாளும்.
மூன்றாம் நாள் லென்சில்
தடித்த ஓட்டோடு பழுப்பு வட்டங்கள்.
மாட்டுப் புழுவா பன்றிப் புழுவா,
முட்டை சொல்லாது.

மாத்திரைக்குப் பிறகு அவரே வந்தார், தனியாக.
குங்கும டப்பாவில்
சுரைவிதை போல ஒரு துண்டு.
இரட்டைக் கையுறையோடு
இரண்டு கண்ணாடிக்கு நடுவே அழுத்தி, மை ஏற்றினேன்.
தண்டிலிருந்து கிளை பிரிந்தது.
எண்ணும்போது எனக்கொரு பழக்கம்:
வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு,
வீரசோழன், முடிகொண்டான்...
ஒரு பக்கம் ஒன்பது. ஆறுகள் இன்னும் பாக்கி.
பதின்மூன்றுக்குள் நின்றால் பன்றி.

"ஓசூர்ல வேலை பார்த்தப்போ. ரெண்டே தடவை."
நான் கேட்கவில்லை.

ரிப்போர்ட்டை நாலாய் மடித்தார், பிரித்தார்.
"இதுல என் பேர் போட்டுத்தான் ஆகணுமா?"

குழாயடிச் சோப்பைக் காட்டினேன்.
முதல்ல கையைக் கழுவுங்க சார்.