இரண்டு வாடகை

லக்ஸம்பர்க்கில் ரயிலுக்குக் கட்டணம் கிடையாது.
அதனால் ஞாயிறுதோறும் வீடு பார்க்கப் போனார்கள்
பிரிவதென்று முடிவெடுத்துவிட்ட
தியோலிந்தாவும் வால்டெமாரும்,
ஒரே பெட்டியில், எதிரெதிர் இருக்கையில்.

கிர்ஷ்பெர்கில் ஒற்றை அறை ஆயிரத்து எழுநூறு.
தினமும் அவள் துடைக்கும் கண்ணாடிகள் அங்கேதான்.
தொகையைக் கேட்டுச் சிரித்தே விட்டாள்.

எஷ்ஷில் ஆயிரத்து நூறு.
முன்பணம் இரண்டு மாதம்.
குளியலறைக்கு ஜன்னல் இல்லை.
"உனக்குத்தான் குளிர்காற்று ஆகாதே" என்றான்
பழக்க தோஷத்தில்.

வடக்கே போகப் போக
காடு கூடியது, வாடகை இறங்கியது.
க்ளெர்வோவில் தொள்ளாயிரம்;
ஆற்றைப் பார்த்த அடுக்களை.
ஆனால் வேலை நாலரைக்கு,
முதல் ரயில் ஐந்தே காலுக்கு.
எல்லை தாண்டினால் அறுநூறுதான்.
பையனின் பள்ளிக்கூடம் தாண்டி வராது.

மின்கட்டண உறையின் பின்பக்கத்தில்
அவன் கூட்டிப் பார்த்தான்.
எந்த ஊரோடு எந்த ஊரைக் கூட்டினாலும்
மாதம் இருபதாம் தேதியோடு முடிந்துபோனது.

ஆக, பொன்வோயில் அதே வீடு, மூன்றாம் மாடி.
குளிர்பெட்டியில் மேல்தட்டு அவளுக்கு,
கீழ்த்தட்டு அவனுக்கு,
நடுவில் நெலியோவின் பால்.
சோபா அவனுடையது.
கால் மட்டும் வெளியே நீண்டுவிடுகிறது.

ஜனவரியிலிருந்து எண்பது யூரோ கூடும் என்று
நேற்று கடிதம் வந்தது.
படித்துவிட்டு அவனிடம் நீட்டினாள்.
நின்றபடியே இருமுறை படித்தான்.
"நாம என்ன செய்யலாம்?" என்றான்.

நாம.

பேனா எங்கே என்று கேட்டாள் அவள்.