புள்ளி எடுத்த மான்

நகரசபைக்கு ஒரு முறைப்பாட்டுச் செயலி.
குப்பைக்கு ஐகன் இருந்தது, அணைந்த தெருவிளக்குக்கு,
ஒழுகும் குழாய்க்கு, கட்டாக்காலி நாய்க்கு.
யார் யாரோ வரைந்து
பொதுக் களஞ்சியத்தில் போட்டுவிட்டுப் போனவை.
நாலு வருசமாய் எடுத்துக்கொண்டே இருக்கிறேன்,
கைமாற்று என்றுகூடச் சொல்லாமல்.

மான் என்று தேடினால்
பனிவண்டி இழுக்கிற ஒன்று வந்தது.
மற்றது முக்கோணத்துக்குள், பாய்ந்தபடி.

திருகோணமலை மான் பாயாது.
பஸ் நிலையத்துக்குப் பின்னால்
காட்போட் பெட்டியைத் தின்றுகொண்டு நிற்கும்.
கோன் அடித்தால் ஒரு பார்வை,
மென்று முடித்த பிறகே விலகல்.
கொம்பில் சிலநேரம் வலைத்துண்டு சிக்கியிருக்கும்.
அதை அறிவிக்க ஒரு பொத்தான் வேண்டும் என்றாள்
கிண்ணியாப் பாலம் கடந்து தினமும் வேலைக்கு வரும் சுஹைலா.

வரைந்தேன்.
இருபத்துநாலுக்கு இருபத்துநாலு கட்டம்,
கோட்டின் தடிப்பு இரண்டு, முனைகள் உருண்டை:
களஞ்சியத்தின் சட்டம் அது.
கொம்புக்கு மூன்று கிளை வைத்தால்
சிறுத்தபோது விளக்குமாறு மாதிரி இருந்தது.
ஒரு கிளையை வெட்டி அனுப்பினேன்.

"ஆடா?" என்று கேட்டான்
எங்கோ இருந்து அதைப் பராமரிக்கும் யோனாஸ்.
பகிடிக்கில்லை, மெய்யாகவே.
கழுத்தை நீட்டினேன்.
"ஏன் சும்மா நிற்கிறது?"
"இங்கே நிற்கும்."
"முதுகுப் புள்ளிகளை எடுத்துவிடு,
சின்னத் திரையில் அழுக்குப் போலத் தெரிகிறது."

அன்றிரவு கரண்ட் இல்லை,
மடிக்கணினியில் பதினெட்டு வீதம்.
ஏழு புள்ளிகள். ஒவ்வொன்றாய் அழித்தேன்.
அவன் சொன்னது சரி,
அதுதான் எரிச்சல்.

தேடுசொல் எழுத ஒரு பெட்டி இருந்தது.
ஆங்கிலத்தில் ஐந்து,
ஆறாவதாக, தமிழில், மான்.
ன் தலையில் ஒரு புள்ளி.
அதை எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அடுத்த பதிப்பில் வந்துவிட்டது.
முதன்முதலில் அதை வெளியே கண்டது
ஏதோ குளிர்நாட்டு உணவகத்தின் பட்டியலில்,
இறைச்சி வகைகளுக்குப் பக்கத்தில்.
சுஹைலா விழுந்து விழுந்து சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு வர
மத்தியானம் ஆயிற்று.
கொடுத்தது கொடுத்ததுதான்.

செவ்வாய் காலை ஆறு நாற்பதுக்கு
எங்கள் செயலியின் முதல் மான்:
தபாற்கந்தோருக்கு எதிரே, கொம்பில் நீல வலை.
வரைபடத்தில் தலை குனிந்து நின்றது.
யாரை அனுப்புவது என்று
செயலியில் நாங்கள் யோசித்திருக்கவில்லை.

களஞ்சியத்தில் கத்தரிக்கோல் நாலு விதம்.
சுஹைலா தன் கைப்பையைத் துழாவிக்கொண்டே
செருப்பைக் கொழுவினாள்.