அரைப்புள்ளி

செக்காலை ரோட்டில், மருந்துக்கடைக்கு மேல்,
எங்கள் அலுவலகத்தில் ஐந்து கணினிகள்.
நான்கில் பிரச்சினை இல்லை.
என்னுடையதில் மட்டும்
ஐகானைச் சொடுக்கினால் ஒரு ஜன்னல் திறந்து,
வீடு மாறி எட்டிப் பார்த்தவர் மாதிரி
உடனே சாத்திக்கொள்கிறது.

கறுப்புத் திரையில் பெயரைத் தட்டினால் வருகிறது அதே ஏஐ.
வணக்கம் சொல்கிறது, நிரல் எழுதித் தருகிறது,
தப்பைக் காட்டினால் மன்னிப்பும் கேட்கிறது.
ஐகான் வழியாகக் கூப்பிட்டால்
அப்படி ஒரு கட்டளையே இல்லையாம்.

ரூபன் சொன்னான், தேவகோட்டைக்காரன்,
வாயில் பாதி பன்னோடு:
"உங்க பள்ளத்தூர் வீடு மாதிரிதான்க்கா.
முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் ஒரு தெரு.
பின்தெருவுல விசாரிக்கிற கூரியர்காரனுக்கு
உங்க பேரு தெரியாது.
பார்சல் திரும்பிப் போயிரும்."

சரிதான்.
எங்கெங்கே தேடவேண்டும் என்று
ஒரு கோப்பில் எழுதிவைத்திருக்கிறேன்.
கறுப்புத் திரை அதைப் படித்துவிட்டு வருகிறது.
ஐகான் படிப்பதில்லை.
அந்தக் கோப்பின் பெயர் புள்ளியில் தொடங்கும்.
புள்ளியில் தொடங்குவது எதுவும்
பட்டியலில் தெரியாது.

அப்போதுதான் போன்.
கோயில் காரியக்காரர் மகன் வயிரவன்.
"ஆச்சி, புள்ளி வரிக் கணக்கு.
இந்த வருஷம் எக்செல்ல ஏத்துறேன்.
உங்கள எப்படி..." என்று இழுத்தான்.
பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

ரூபன் ஒரு வரி எழுதினான்:
முதலில் அந்தக் கோப்பைப் படி,
அது நல்லபடி முடிந்தால் கருவியைக் கூப்பிடு.
'நல்லபடி முடிந்தால்' என்பதற்கு
இரண்டு உம்மைக்குறிகள், ஒட்டி ஒட்டி,
கல்யாண ஆல்பத்தில் நிற்பது போல.

சொடுக்கினேன். திறந்தது. சாத்தியது.

கோப்பின் அடிவரை போய்ப் பார்த்தேன்.
கடைசி வரி நான் எழுதியதுதான்,
வீட்டிலிருந்தே வேலை பார்த்த வருஷத்தில்:
அடுத்த அறைக் கணினியைத் தேடு, அதோடு இணை.
அந்தக் கணினியை விற்றாயிற்று.
விசைகளுக்கு நடுவே இருந்த விபூதியை
இயர்பட்ஸால் துடைத்துக் கொடுத்தேன்.
அதற்குப் பிறகும் இந்த வரி
தினம் எழுந்து தேடிப் போயிருக்கிறது,
இல்லை என்று திரும்பியிருக்கிறது,
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

"அழிச்சிரலாமாக்கா?"

அழிக்கலாம்.
ரூபனின் இரண்டு உம்மைகளை எடுத்தேன்.
அந்த இடத்தில் ஓர் அரைப்புள்ளி வைத்தேன்.
அதன் இலக்கணம் எளிது:
முன்னது தோற்றாலும் பின்னது ஓடும்.

சொடுக்கினேன். நின்றது.
மூடித் திறந்தேன். நின்றது.
நம்பாமல் கணினியையே அணைத்துப் போட்டேன். நின்றது.
பதினொரு மணிக்குக் கரண்ட் போய் வந்தது,
அதற்கும்.
என்ன செய்யலாம் என்று கேட்டுவிட்டு
மினுங்கிக்கொண்டு இருக்கிறது ஒரு சின்னக் கட்டம்.
ரூபன் டீ சொல்லப் போய்விட்டான்.

வயிரவனை நானே கூப்பிட்டேன்.
"அரைப்புள்ளின்னுதான் போடணும் ஆச்சி,
முறை அப்படி, நீங்க தப்பா..."
"போடு. எவ்வளவு?"
பாதி வரி. ஜிபே செய்தேன்.

அவனுக்கு வேறொரு கவலை.
அரைக்கு ஒன்றின்கீழ் இரண்டு என்று அடித்தால்
எக்செல் அதைப் பிப்ரவரி ஒன்றாம் தேதி ஆக்கிவிடுகிறதாம்.
ஊரில் நாற்பத்தேழு பேர்
பிப்ரவரி ஒன்றாம் தேதியாக இருக்கிறோம்.

மதியம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு
வரச்சொல்லியிருக்கிறேன்.