கறுப்பு மையில் மட்டும்

எனக்கு வேதியியல் தெரியாது.
பத்தொன்பது வருடமாக இந்த மேசையில்
வேதியியல் முதுகலைப் பட்டங்களை
நான்தான் சரிபார்க்கிறேன்.

முப்பது அலகு,
அதில் ஆறு ஆய்வேட்டுக்கு.
சராசரி மூன்றுக்குக் கீழே இறங்கக் கூடாது.
ஐம்பது நிமிடம் ஒரு கருத்தரங்க உரை.
கண்கழுவும் குழாய் எங்கே என்று
தெரியும் என்பதற்கு ஒரு சான்றிதழ்.
இடப்பக்க ஓரம் ஒன்றரை அங்குலம்
(தைக்கிறவருக்கு இடம் வேண்டும்).
மூன்று கையெழுத்து, ஒன்று வேறு துறையிலிருந்து,
எல்லாம் கறுப்பு மையில்.
கடைசியில் கண்ணாடிச் சாமான்களைத்
துலக்கி, எண்ணி, திருப்பித் தர வேண்டும்.

டுலூத்தில், ஜனவரியில்,
ஏரி உறையும்போது ஒரு சத்தம் போடும்,
பக்கத்து வீட்டில் யாரோ
கனமான மேசையை இழுப்பது போல.
அப்படி ஒரு காலையில்தான் ஐலா நீமி வந்தாள்.
நாற்பத்து மூன்று வயது.
பதினேழு வருடம் இரும்புத்தாது ஆலையில்
இரவு ஷிஃப்டில் கழிவுநீர் சோதித்தவள்.
பூட்ஸின் பனியை மிதியடியில் தட்டி,
முழுதாகத் தட்டி, அப்புறம்தான் உள்ளே வந்தாள்.
பாதிப் பேர் அதைச் செய்வதில்லை.

“லோர்னா, ஒன்று கேட்கணும்.
அது கிடைத்தே ஆகணும் என்று விதி இருக்கிறதா?”

எது?

வெள்ளைப் படிகம்.
தண்ணீரிலிருக்கும் பாதரசத்தைக்
கவ்விப் பிடிக்க வேண்டிய ஒன்று.
காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது என்றாள்,
விரலால் காற்றில் ஓர் அறுகோணம் போட்டு.
பதினான்கு முறை காய்ச்சினாள்.
பதினான்கு முறையும் தார்.
பழுப்பாக, பாகு முற்றிப் போனாற்போல,
குடுவையின் அடியில்.

கையேடு இருபத்திரண்டு பக்கம்.
அவள் நின்றுகொண்டிருக்க, இரண்டு தரம் படித்தேன்.
தாளின் கனத்துக்கு விதி இருக்கிறது.
பக்க எண் எங்கே உட்கார வேண்டும்,
பிரசவ விடுப்பு, ராணுவ அழைப்பு, தாமதக் கட்டணம்,
எல்லாம் இருக்கிறது.
கிடைக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை.

இல்லை என்றேன்.
“சரி” என்றாள். போய்விட்டாள்.

ஏப்ரலில் வாய்மொழித் தேர்வு.
நான் தாழ்வாரத்தில், படிவமும் பேனாவுமாக.
அந்தக் கதவு சரியாகச் சாத்தாது.
மண்ணியல்காரர் வுக்கெலிச் கேட்டது காதில் விழுந்தது:
“அந்தத் தாரில் என்னதான் இருக்கிறது?”

பக்கத்து அறையில் ஏதோ பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.
பேனா மூடியைக் கழற்றினேன், மாட்டினேன், கழற்றினேன்.

“தெரியாது.
அது என்னவெல்லாம் இல்லை என்று
பன்னிரண்டு சொல்ல முடியும்.
ஒவ்வொன்றாகச் சொல்லட்டுமா?”

சொன்னாள். நாற்பது நிமிடம்.
ஆறாவதில் வுக்கெலிச் நாற்காலியை முன்னால் இழுத்தார்.
ஒன்பதாவதில் அவளுடைய நெறியாளரே
“இதை என்னிடம் சொல்லவில்லையே” என்றார்.
“நீங்கள் விளைச்சல் எவ்வளவு என்று மட்டும்தான் கேட்டீர்கள்.”

மூன்று கையெழுத்து. ஒன்று நீலம்.
திருப்பி அனுப்பி வாங்கினேன்.

பிறகு கண்ணாடி.
முகவை ஒன்பது, சரி. புனல் நான்கு, சரி.
உருண்டைக் குடுவை ஆறு என்கிறது பட்டியல்.
ஐந்து பளபளவென்று. ஆறாவது,
அமிலத்துக்கும் காரத்துக்கும் மசியாத தாரோடு.
துலக்காததை வாங்கக் கூடாது, அது விதி.
உடைந்ததற்கு முப்பத்தெட்டு டாலர், அதுவும் விதி.
அவள் பர்ஸைத் திறந்தாள்.

பத்தொன்பது வருடத்தில் நான் படிவத்தில் எழுதிய
ஒரே பொய் அது:
குடுவை ஒன்று, உடைந்தது.

என் ஜன்னலோரம் இருக்கிறது, ஒரு கார்க் வளையத்தின் மேல்.
அடி உருண்டை, தானாக நிற்காது.
ஏரி வெளிச்சம் அதன் பாதி வரை வருகிறது.
தார் முன்பைவிடக் கொஞ்சம் கறுத்திருக்கிறது,
நான் பார்த்தவரை.
அவளிடம் சொல்ல வேண்டும்.
தேதி குறித்து வைத்திருக்கிறேன்.