ஒன்பது கிண்ணங்கள்

மே மாதம் பாதி தாண்டிவிட்டது.
கரகோல் தெருக்களில் ஆப்பிள் மரங்கள்
பூவைக் கொட்ட ஆரம்பித்துவிட்டன.
மலையில் மட்டும் யாரோ துடைக்க மறந்த
வெள்ளை.

பதினேழாம் எண் வேன் என்னுடையது.
சந்தைக்கும் மேட்டுத்தெருவுக்கும்
நாளைக்குப் பதினொரு நடை.
அன்று ஏழாம் நடையில் ராய்கான் ஏறினாள்,
பால் டப்பாவை நீளவாக்கில் அறுத்து
நாற்று வைத்து விற்பவள்.
திருப்பத்தில் நான் கொஞ்சம் அவசரப்பட்டேன்.
டப்பாக்கள் சரிந்தன.
ஒருவர் ஷூவுக்குள் மண்.
ஒரு பள்ளிப் பையன் மடியில்
மூன்று பெட்டூனியா.

அவள் திட்டவில்லை.
இறங்கும்போது
ஒடியாததைத் தனக்கு எடுத்துக்கொண்டு
மீதியை என் இருக்கையோரம் வைத்தாள்.
"இதுதான் டிக்கெட் காசு.
நீ சாய்த்ததை நீயே நிமிர்த்து."

பதின்மூன்று நாற்று.
என்ன நிறம் என்று கேட்க மறந்துவிட்டேன்.

வீட்டின் நீலக் கதவுக்கும் வேலிக்கும் நடுவே
ஒரு முழ அகலத்துக்கு மண் சும்மா கிடந்தது.
மூன்று வருடமாக நான் அங்கே
சிகரெட் துண்டுகளை நட்டுவந்திருக்கிறேன்.
ஒன்றும் முளைக்கவில்லை. பொறுக்கினேன்.
சூப் கரண்டியால் தோண்டினேன்
(மண்வெட்டி பக்கத்து வீட்டுக்குப் போய்
ஒரு குளிர்காலமே முடிந்துவிட்டது).

ஸ்டியரிங் பிடித்துப் பழகிய விரலுக்கு
இவ்வளவு மெல்லிய ஒன்றைப்
பிடிக்கத் தெரியவில்லை.
முதல் இரண்டை ஏறக்குறைய நசுக்கினேன்.
மூன்றாவதில் கை படிந்தது.
குழி, வேர், மண்,
இரு விரல் அழுத்தம்,
ஒரு மடக்குத் தண்ணீர்.
பத்தாவதற்கு வந்தபோது
நாளெல்லாம் காதில் ஏறியிருந்த இரைச்சல்
சில்லறை கேட்காமல்
இறங்கிப்போயிருந்தது.

புருல் கதவில் சாய்ந்து பார்த்தாள்.
"வரிசை கோணல்."
"ரோடும் கோணல்தான்,
ஊர் போய்ச் சேரவில்லையா?"

இரவு வானம் அலம்பிவிட்டதுபோல் ஆனது.
மே மாதத்தில் நட்சத்திரம் கூடினால்
எங்களுக்கு வயிறு கலங்கும்.
பக்கத்து வீட்டுக்காரர்
உருளைக்கிழங்குப் பாத்திக்குப்
பழைய கம்பளம் போர்த்தினார்.
எங்களிடம் போர்த்த எதுவுமில்லை.
புருல்தான் அலமாரியைத் திறந்தாள்.

பருத்திப்பூ வரைந்த நீலத் தேநீர்க் கிண்ணங்கள்,
அவள் கல்யாணத்துக்கு வந்தவை,
விருந்தாளிக்காக மட்டும் கீழே இறங்குபவை.
ஒன்பது.
ஒவ்வொரு நாற்றின் மேலும் ஒன்றாகக் கவிழ்த்தோம்.
மீதி நான்குக்கு
ஒரு ஜாம் பாட்டில்,
மகளின் மணல் வாளி,
டிக்கெட் காசு போடும் தகர டப்பா,
என் தொப்பி.

அந்த நேரம் பார்த்து வந்தான்
மச்சான் அக்கில்பெக்,
கூட இன்னும் மூன்று பேரோடு.
தேநீர் கொடுக்காமல் ஒருவரை அனுப்புவது
ரொட்டியைக் குப்புற வைப்பதற்குச் சமம்.
சூப் கோப்பையில் ஊற்றினாள்,
ஒருவருக்கு மாவு அளக்கும் குவளையில்.
"கிண்ணமெல்லாம் எங்கே, விற்றுவிட்டீர்களா?"
"வெளியே வேறு விருந்தாளி."

டார்ச் அடித்துப் பார்த்தார்கள்.
விழுந்து விழுந்து சிரித்தார்கள்.
அக்கில்பெக்தான் முதலில் நிறுத்தினான்.
ஒரு கிண்ணம் லேசாகச் சாய்ந்திருந்தது.
குந்தி உட்கார்ந்து,
மூச்சைப் பிடித்துக்கொண்டு,
அதை நேராக்கினான்.

காலையில் புல்மேல் உப்புத் தூவியிருந்தது உறைபனி.
கிண்ணத்தின் முதுகில் விரல் ஒட்டியது.
தூக்கினேன்.
உட்புறமெல்லாம் வியர்த்திருக்க
நடுவில் ஒரு பச்சை, நிமிர்ந்து.
அடுத்ததிலும்.
அதற்கடுத்ததிலும்.

பதின்மூன்றில் பன்னிரண்டு.
தொப்பி கைவிட்டுவிட்டது.
என் தலைக்கே அது போதாது.

முதல் நடை ஐந்து நிமிடம் தாமதம்.
சந்தை நிறுத்தத்தில் ராய்கான் ஏறினாள்,
டப்பாக்களை மடியில் இறுக்கிக்கொண்டு.
"என்ன நிறம் அதெல்லாம்?"
"எனக்கென்ன தெரியும்," என்றாள்.
"விதை எல்லாம் கலந்துபோச்சு.
ஜூனில் நீ வந்து சொல்லு."

நகத்தடியில் மண்.
கழுவினேன், போகவில்லை.
அப்படியொன்றும்
தேய்த்துக் கழுவவுமில்லை.