குருமண்வெளித் துறை

"பாதை வருகுது" என்றேன்.
வானுக்குள் இருந்த ஒன்பது பேரும்
முன்னால் ரோட்டைத் தேடினார்கள்.
இங்கே பாதை என்றால் மிதப்பது,
மாட்டோடும் மோட்டார் சைக்கிளோடும் வாவியைக் கடப்பது
என்று நான் விளக்கி முடிப்பதற்குள்
அது கரையில் இடித்து நின்றது.

ஒருவர் போதகர். ஒருவர் இமாம்.
ஒருவர் ரபி, நான் முதன்முதல் காணும் ரபி,
வெயிலில் சிவந்த காதுகளோடு.
டொரண்டோக் கோயிலொன்றின் பொருளாளர் சிவகடாட்சம்
தமிழ் தெரிந்தும் என்னோடு இங்கிலீசில் பேசினார்.
மற்றவர்கள் ஓய்வுபெற்ற டீச்சர்மார்.
ஒவ்வொரு மடியிலும் ஒரு ஃபைல்,
ஃபைலுக்குள் ஒரு பிள்ளை, ஒரு இலக்கம்.

நேற்று ஏறாவூரில்
ஸிம்றாவின் வாப்பா மீன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு
போதகரின் கையைப் பிடித்தபடி
நெடுநேரம் பேசினார்.
"நன்றி சொல்கிறார்" என்று சுருக்கினேன்.
அவர் சொன்னது வேறு:
புள்ள உங்கட காசில படிக்கிது,
பகல்ல அதச் சொல்ல எனக்கு வெக்கம் இல்ல,
ராவைக்குத்தான் வருது.

மண்டூரில் இலக்கம் நூற்றுப் பதினேழு.
யதுர்ஷிகா, பதினோராம் வகுப்பு.
புதுச் சப்பாத்து, குதிக்காலில் பிளாஸ்டர்.

சாப்பாட்டுக்கு முன் நாலு பிரார்த்தனை.
யார் முதலில் என்பதை
வானுக்குள்ளேயே பேசித் தீர்த்திருந்தார்கள்.
கடைசி ஆமென் வரைக்கும்
இறால் கறி ஆடை கட்டிக்கொண்டு பொறுத்திருந்தது.
ரபி அதைத் தொடவில்லை.
"அவங்கட வேதத்தில இறால் கூடாதாம்" என்றேன்.
"நம்மளும் வெள்ளிக்கிழம தொடுறல்லதானே"
தாய் எழும்பிப் போய் முட்டை பொரித்து வந்தா.

டொரத்திக்கு எழுபத்து நாலு வயது.
கேள்விகளைத் தாளில் எழுதி வந்திருந்தா.
உன் கனவு என்ன?
"டொக்டர்."
ஐந்து வீட்டில் ஐந்தாவது டொக்டர்.
எனக்கு வாய் பழகிவிட்டது.
என்னிடம் ஏதும் கேட்க வேண்டுமா?

அவள் விஞ்ஞானப் புத்தகத்துக்குள்ளிருந்து
ஒரு படத்தை எடுத்தாள்.
பனியில் மண்ணிற நாய்.
"பிஸ்கட் எப்பிடி இருக்கு?
கடைசி ரெண்டு கடிதத்திலயும் அதப்பத்தி ஒண்டும் இல்லயே."

பெயருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.
டொரத்தியின் கைத்தடி சரிந்து விழுந்தது.
எல்லா ஃபைலும் மூடிக்கொண்டன.
தாய்க்கு ஒரு சொல்தான் விளங்கியது.
குசினிக்குள் ஓடி
மாரி பிஸ்கட் பெட்டியோடு வந்தா,
அழுகிற வெள்ளைக்காரியின் முன்னால் தட்டை நீட்டிக்கொண்டு.

யதுர்ஷிகாதான் முதலில் சிரித்தது.
மறுகா டொரத்தி, மூக்கைத் துடைத்துக்கொண்டே.
தாய்க்கு யாரும் சொல்லவில்லை.

"எப்ப?"
மாசியில்.
"எங்க தாட்டது?"
ஆப்பிள் மரத்தடியில். நிலம் உறைந்து கிடந்தது,
பக்கத்து வீட்டுக்காரர்தான் வெட்டித் தந்தார்.
"தனியவா இருக்கிறீங்க இப்ப?"
இதை நான் கேட்கவேயில்லை,
அவளுடைய இங்கிலீசில் அவளே கேட்டாள்.

அறிக்கையில் ஒரு கட்டம் இருக்கிறது:
பயனாளியின் தேவைகள்.
டொரத்தியின் தாளில் அது வெறுமையாக இருந்தது.
கேட்டதற்கு, "யாருடையது?" என்றா.

திரும்பும் பாதையில் பொழுது சாய்ந்துவிட்டது.
சிவகடாட்சம் திடீரெனத் தமிழில் கேட்டார்:
"தங்கச்சி, இதில எத்தின பேர் ஏறலாம்?"

நான் போதகருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.
நேற்று ஏறாவூரில்
ஒரு வசனத்தை மிச்சம் வைத்துவிட்டேன் என்றேன்.
சொன்னேன்.
எஞ்சின் சத்தம்.
காதில் கையை வைத்துக் குனிந்து
இன்னொருதரம் சொல்லச் சொன்னார்.